இரண்டு மில்லியாம்பியர் எங்கே போகிறது?

இரண்டு மில்லியாம்பியர் என்பது எவ்வளவு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மின்கசிவுக்காக மாட்டுகிற ஆர்.சி.சி.பி., 30 மில்லியாம்பியர் கசிந்தால் டிரிப் ஆகிவிடும். ஆள் உயிருக்கு ஆபத்து வருவதற்கு முன் இணைப்பைத் துண்டிக்க வைத்த எல்லை அது. இரண்டு என்பது அதில் பதினைந்தில் ஒரு பங்கு. நான் மின்வாரியத்தில், பெரும்பாலும் துணை மின்நிலையங்களில், காலம் கழித்தவன். கிலோவோல்ட்டும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும்தான் எங்கள் புழக்கம். மெகர் வைத்துக் கேபிளின் இன்சுலேஷனைப் பார்க்கும்போது மட்டும்தான் இவ்வளவு சிறிய மின்சாரத்தைப் பற்றி யோசிப்போம். அதுவும் அது இருக்கக் கூடாது என்பதற்காக.

ஓய்வுபெற்ற பிறகு அந்த இரண்டு மில்லியாம்பியர் எங்கள் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டது. அதை என் அக்காவின் தலையில் பாய்ச்சலாமா என்பதுதான் கேள்வி.

அக்கா கும்பகோணத்தில் இருக்கிறாள். அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவராக இருந்தவள். மாதம் பிறந்தால் வீடு வீடாகப் போய் ஆர்.டி. தவணை வாங்கி, கார்டில் குறித்துக் கையெழுத்துப் போட்டு, பட்டியல் எழுதித் தபால் ஆபீசில் கட்டுவாள். யாருடைய கணக்கு எந்த மாதம் முதிர்கிறது, யார் இரண்டு தவணை பாக்கி, யார் கணவனுக்குத் தெரியாமல் சேர்க்கிறாள் என்பதற்கெல்லாம் நோட்டைத் திறக்கவே மாட்டாள். அத்தான் காலமான பிறகு ஒரு மாதம், ஒரு வீட்டில் வாங்கிய தவணையையே மறுபடி போய்க் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டுப் பெண் ஒன்றும் பேசாமல் கார்டை எடுத்துக் காட்டினாள். அக்காவின் கையெழுத்து, இரண்டு நாளுக்கு முந்தைய தேதி. அன்று சாயங்காலமே எனக்குப் போன் செய்து, “தம்பி, ஏஜென்சியை ஒப்படைத்துவிடப் போகிறேன், அடுத்தவர் பணம்” என்றாள். காரணம் சொல்லவில்லை. காரணத்தை அந்த வீட்டுப் பெண் மூலம்தான் தெரிந்துகொண்டோம்.

அக்கா மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவன்தான் அந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பினான். ஏதோ ஒரு தனியார் மையம். பெயர் இங்கே வேண்டாம். “முதிய மூளைக்கு ரீசார்ஜ்” என்று தலைப்பு. இருபது அமர்வுகள் கொண்ட தொகுப்பு, மருந்து இல்லை, வலி இல்லை, தலையில் இரண்டு பஞ்சு, 20 நிமிடம். கூடவே அவன் கேள்வி: “மாமா, நீங்கள் கரண்ட் ஆள். இது வேலை செய்யுமா, ஏமாற்று வேலையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.” ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஊரில் செய்தி பரவியதும் சித்தி முறையில் இருக்கிற ஒருவர் அழ ஆரம்பித்துவிட்டார். அவர் காதில் விழுந்தது “கரண்ட் வைத்தியம்”. அது வேறு. மின்வலிப்புச் சிகிச்சை 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கியது. அதில் 800 மில்லியாம்பியர் அளவுக்குப் பாயும், மூளையில் வலிப்பை உண்டாக்குவதே அதன் வேலை. அதுவும் சினிமாவில் காட்டுகிற மாதிரி இல்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் அது நல்ல சிகிச்சை. ஆனால் நாம் பேசுகிற பஞ்சு விவகாரத்தோடு அதைச் சேர்க்கக் கூடாது; 800 எங்கே, இரண்டு எங்கே?

பஞ்சு விவகாரத்தின் பெயர் டி.டி.சி.எஸ்., அதாவது மண்டையோட்டின் வழியே நேர்மின்சாரம் பாய்ச்சி மூளையைத் தூண்டுவது. பேட்டரியில் ஓடும் சிறிய கருவி, இரண்டு ரப்பர் மின்முனைகள், அவற்றைச் சுற்றி உப்புநீரில் நனைத்த பஞ்சு. ஒன்று நேர்முனை, மற்றொன்று எதிர்முனை. நெற்றியின் இடப்பக்கத்துக்குச் சற்று மேலே ஒன்றை வைப்பது வழக்கம். திட்டமிடுவதற்கும் ஒரு விஷயத்தைச் சற்று நேரம் மனதில் பிடித்துவைப்பதற்கும் அந்தப் பகுதி வேண்டியிருக்கிறது. கருவி நிலையான மின்னோட்டத்தைத் தருவது; தோலின் மின்தடை ஏறினால் அதுவே மின்னழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும். பஞ்சு காய்ந்தால் தடை ஒரே இடத்தில் ஏறும், அந்த இடத்தில் தோல் புண்ணாகும். இது எந்த லைன்மேனுக்கும் புரியும் விஷயம்.

மின்சாரத்தைத் தலையில் வைக்கும் ஆசை புதிதல்ல. முதல் நூற்றாண்டிலேயே ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனைத் தலைவலிக்காரர்களின் தலையில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். 1800களின் தொடக்கத்தில் இத்தாலியின் அல்தீனி, வோல்ட்டா கண்டுபிடித்த மின்கலத்தைக் கொண்டு மனச்சோர்வு நோயாளிகளுக்குச் செய்து பார்த்தார். ஆனால் அளந்து பார்த்து, எவ்வளவு பாய்ச்சினால் என்ன ஆகிறது என்று எழுதிய முக்கியமான ஆய்வு 2000இல் வந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பௌலஸும் ஒரு மில்லியாம்பியர் பாய்ச்சி, கைத்தசையை இயக்கும் மூளைப் பகுதி எவ்வளவு எளிதாகத் தூண்டப்படுகிறது என்று பார்த்தார்கள். நேர்முனை அந்தப் பகுதியின் மேல் இருந்தால் தூண்டல் எளிதாகிறது, எதிர்முனை இருந்தால் கடினமாகிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்களுக்கு அந்த மாற்றம் நீடிக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது: அந்த மின்சாரம் ஒரு நியூரானையும், அதாவது மூளையின் நரம்புச் செல்லையும், நேரடியாகச் சமிக்ஞை அனுப்ப வைப்பதில்லை. அதற்குப் போதாது. நியூரானின் சவ்வில் ஏற்கெனவே இருக்கும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் நகர்த்துகிறது. கதவைத் திறக்காமல் தாழ்ப்பாளை மட்டும் தளர்த்துவது மாதிரி. தள்ளுகிறவர் யாராவது வந்தால்தான் கதவு திறக்கும். தலையில் பஞ்சை வைத்துக்கொண்டு டி.வி. தொடர் பார்த்துக்கொண்டிருந்தால் டி.வி. தொடர் பார்க்கிற நியூரான்கள்தான் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த மையத்தின் விளம்பரப் படத்தில் ஒரு பெரியவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

என் தொழில் புத்தி முதலில் கேட்டது வேறு கேள்வி. இரண்டு மில்லியாம்பியர் கருவியிலிருந்து கிளம்புகிறது, சரி. மூளைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? மின்சாரம் தடை குறைந்த வழியில் மட்டும் போகும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துக் கெடுத்துவைத்திருக்கிறார்கள். எல்லா வழியிலும் போகும். தடைக்குத் தலைகீழ் விகிதத்தில் பிரிந்து போகும். தலையில் ஈரத் தோல் ஒரு வழி. மண்டையோடு நல்ல இன்சுலேட்டர். அதைத் தாண்டி உள்ளே போவது இன்னொரு வழி. அப்படியானால் பெரும்பகுதி ஒரு பஞ்சிலிருந்து இன்னொரு பஞ்சுக்குத் தோல் மேலேயே ஓடிவிட வேண்டும். நினைத்தது சரியாகவே இருந்தது. பூஷாகி, பெரேனி ஆகியோரின் குழு இறந்தவர்களின் தலைகளில் மின்முனைகளைச் செருகி அளந்து பார்த்து 2018இல் எழுதியது: சுமார் முக்கால் பங்கு மின்சாரம் தோலாலும் மண்டையோட்டாலும் வழியிலேயே வீணாகிறது. நியூரான்களின் சுற்றை நேரடியாகப் பாதிக்க வேண்டுமானால் வழக்கமாகக் கொடுப்பதைவிட அதிகம் தேவை என்பது அவர்களின் முடிவு.

முதியவர்களுக்கு இது இன்னும் மோசம். வயதானால் மூளை சற்றுச் சுருங்குகிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் மூளைத் தண்டுவடத் திரவம் கூடுகிறது. அந்தத் திரவம் அருமையான கடத்தி. உள்ளே நுழைந்த கால் பங்கிலும் ஒரு பகுதியை அது பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். இளைஞனின் தலைக்கு இரண்டு மில்லியாம்பியர் என்று கணக்குப் போட்டுவிட்டு அதையே எழுபது வயதுக்காரருக்கும் கொடுத்தால் மூளையில் விழுவது ஒரே அளவாக இருக்காது. ஒவ்வொருவரின் எம்.ஆர்.ஐ. படத்தையும் வைத்துக் கணினியில் மாதிரி செய்து அளவை நிர்ணயிக்க இப்போது ஆராய்ச்சியாளர்கள் முயல்கிறார்கள். நான் விசாரித்த மையத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே இடம்.

காந்தத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழு செய்து காட்டியது டி.எம்.எஸ்., அதாவது தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளால் மூளையைத் தூண்டுவது. மின்தேக்கியில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரு சுருளின் வழியே ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைந்த நேரத்தில் கொட்டினால் ஒன்றரை, இரண்டு டெஸ்லா அளவுக்குக் காந்தப்புலம் எழுந்து மறையும். மண்டையோடு அதைத் தடுக்காது. அந்த மாறும் காந்தப்புலம் மூளைக்குள்ளேயே மின்சாரத்தைத் தூண்டும். ஃபாரடே 1831இல் கண்ட விதி, நம் டிரான்ஸ்ஃபார்மரின் விதி. சுருளைச் சரியான இடத்தில் வைத்தால் உட்கார்ந்திருப்பவரின் கட்டைவிரல் அவரைக் கேட்காமலே துடிக்கும். இது நியூரானை நிஜமாகவே சமிக்ஞை அனுப்ப வைக்கிறது. சத்தமும் உண்டு, காதில் அடைப்பான் வைத்துக்கொள்ள வேண்டும். மிக அபூர்வமாக வலிப்பு வரலாம். காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தியவர்கள், தலைக்குள் உலோகக் கிளிப் உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. மனச்சோர்வுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் இதற்கு அனுமதி கொடுத்தது. நம் நாட்டிலும் பெரிய மருத்துவமனைகளில் அதற்காக இருக்கிறது.

ஞாபகமறதிக்கு? டி.எம்.எஸ். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் எட்டும். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் அதற்கும் கீழே, காதுக்கு உள்பக்கம் ஆழத்தில் கிடக்கிறது. அதனால் சுற்றுவழி. ஹிப்போகாம்பஸோடு தொடர்பில் இருக்கும் மேற்பகுதி ஒன்றைத் தட்டினால் உள்ளே இருப்பதும் அசையும் என்பது யோசனை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2014இல் இளைஞர்களிடம் இப்படிச் செய்து, முகத்தையும் சொல்லையும் இணைத்து நினைவில் வைக்கும் திறன் கூடியதைக் காட்டினார்கள். ரோமின் சாந்தா லூசியா நிறுவனத்தில் ஜாகோமோ கோச் குழு இதே பாதையில் அல்சைமர் நோயாளிகளிடம் போனது. உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால், இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவில் உள்ள பிரிகூனியஸ் என்ற பகுதி. 50 நோயாளிகள், பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்குப் போலி. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், பிறகு 22 வாரம் வாரம் ஒருமுறை. 2022இல் முடிவு வெளியானது. போலிக் குழுவினர் 24 வாரத்தில் கண்கூடாகச் சரிந்தார்கள். மற்றவர்கள் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றார்கள். ஞாபகம் திரும்பி வரவில்லை, சரிவுதான் நின்றது. அல்சைமர் குடும்பங்களில் அதுவே பெரிய விஷயம் என்பதை அறிவேன்.

இந்த ஆய்வைப் படித்ததும் அக்கா மகன் துள்ளினான். நான் அவனுக்கு எழுதிய பதில்: ஐம்பது பேர், ஒரே இடம், ஒவ்வொரு நோயாளிக்கும் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்துச் சுருளின் இடத்தையும் அளவையும் தனித்தனியாக அமைத்திருக்கிறார்கள். நமக்கு அனுப்பிய விளம்பரத்தில் இருப்பது காந்தச் சுருளே இல்லை, பஞ்சு. ரோமின் ஆய்வைக் காட்டிப் பஞ்சை விற்பது, 110 கிலோவோல்ட் லைனின் சோதனைச் சான்றிதழைக் காட்டி டார்ச் லைட் விற்பது. காந்தத்தையும் மனப் பயிற்சியையும் சேர்த்து அல்சைமருக்குச் செய்த ஒரு இஸ்ரேலியக் கருவியை 2019இல் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு ஏற்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதினேன்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ரைன்ஹார்ட் செய்வது மூன்றாவது வகை. அவர் பாய்ச்சுவது மாறுதிசை மின்சாரம், வீட்டுக்கு வருகிற 50 ஹெர்ட்ஸ் மாதிரி, ஆனால் மூளையின் சொந்தத் தாளத்துக்கு ஏற்ற அலைவெண்ணில். ஒரு போன் எண்ணைக் கேட்டு, டயல் செய்கிறவரை மனதில் வைத்திருக்கிறோம் அல்லவா, அப்போது மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. வயதானால் அந்த ஒத்திசைவு குலைகிறது. கிரிட்டில் இரண்டு ஜெனரேட்டர்களை ஒத்திசைக்காமல் இணைத்தால் என்ன ஆகும் என்று பார்த்த எனக்கு இந்த விளக்கம் உடனே பிடித்துப்போனது. பிடித்துப்போவது ஆதாரம் ஆகாது என்பதும் தெரியும். 2019இல் அவர்கள் 20 முதல் 29 வயது வரை 42 பேரையும், 60 முதல் 76 வயது வரை 42 பேரையும் சோதித்தார்கள். 25 நிமிடம் பாய்ச்சிய பிறகு முதியவர்கள் இளைஞர்களின் அளவுக்குச் செய்தார்கள். அவர்கள் அளந்த 50 நிமிடம் வரை அது நீடித்தது. 2022இல், 65 முதல் 88 வயது வரை 150 பேர். நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம். அந்த நேரம் முழுக்க அவர்கள் இருபது சொற்கள் கொண்ட பட்டியல்களைக் கேட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம் கழித்தும் முன்னேற்றம் இருந்தது. இவர்கள் எல்லோரும் நலமாக இருந்த முதியவர்கள், நோயாளிகள் அல்ல. பட்டியலை ஒப்பிப்பது கூடினால் அடுப்பை அணைக்க மறக்காமல் இருப்பது கூடுமா என்பது தனிக் கேள்வி.

ஒரு குழு கண்டது இன்னொரு குழு செய்தால் வராமல் போவதும் உண்டு. வெளிச்சத்தையே நொடிக்கு 40 முறை மினுக்கினால் எலிகளின் மூளையில், அல்சைமரில் சேரும் புரதமான அமிலாய்டின் படிவு குறைகிறது என்று 2016இல் எம்.ஐ.டி.யின் லீ-ஹுவே சாய் குழு எழுதியபோது உலகமே கொண்டாடியது. 2023இல் நியூயார்க்கில் பூஷாகி குழு திரும்பச் செய்து பார்த்தது, குறையவில்லை. அதே பூஷாகிதான், எனக்கு அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. இளைஞர்களுக்கு ஒருமுறை மட்டும் பஞ்சு வைத்துப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்து, அறிவாற்றலில் நம்பகமான விளைவு எதுவும் தெரியவில்லை என்று மெல்பர்னிலிருந்து ஜாரெட் ஹோர்வத் 2015இல் எழுதியதும் இந்த வரிசையில் வரும். அதை மறுத்தவர்களும் உண்டு.

பஞ்சுக்குச் சாதகமாக இதுவரை நான் படித்ததில் கனமானது டொராண்டோவில் நடந்தது, 2024இல் வெளியானது. 375 முதியவர்கள். லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்கள், முன்பு மனச்சோர்வு வந்து குணமானவர்கள், இரண்டும் உள்ளவர்கள் என மூன்று வகை. எட்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். பஞ்சும் மனப் பயிற்சியும் சேர்த்து. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில நாள். பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேரை நான்கு ஆண்டுக்கு மேல். சிகிச்சை பெற்றவர்களின் சரிவு மெதுவாக இருந்தது. வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் இருந்தது. யாருக்கு இருந்தது என்று பார்த்தால், முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்குத்தான் தெளிவாக. லேசான குறைபாடு மட்டும் உள்ளவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. அல்சைமருக்கான மரபணு அபாயம் குறைந்தவர்களுக்கு அதிகப் பயன்.

ஒரு பொறியாளனாக இதில் எனக்கு ஒரு மனக்குறை. ஒரு குழுவுக்கு நிஜப் பஞ்சும் நிஜப் பயிற்சியும். மற்றொரு குழுவுக்குப் போலிப் பஞ்சும் போலிப் பயிற்சியும். இரண்டு சுவிட்சையும் ஒன்றாகப் போட்டு, ஒன்றாக அணைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தது எந்தச் சுவிட்சால் என்று இந்த ஆய்விலிருந்து சொல்ல முடியாது. பயிற்சி மட்டுமே கூடப் போதுமாக இருந்திருக்கலாம்.

அக்கா மகன் விடவில்லை. “அம்மாவுக்கும் அப்பா போன பிறகு மனச்சோர்வுதானே மாமா? அப்படியென்றால் டொராண்டோ கணக்கில் பொருந்துகிறதே” என்றான். நல்ல வாதம். ஆனால் டொராண்டோவில் சேர்க்கப்பட்டவர்கள் மனச்சோர்விலிருந்து குணமானவர்கள். அக்கா குணமாகியிருக்கிறாளா என்று யாராவது கேட்டோமா? எங்கள் குடும்பத்தில் துக்கத்துக்கு ஒரு வருடக் கணக்கு உண்டு. திவசம் முடிந்தால் துக்கமும் முடிந்தது என்று எடுத்துக்கொள்வோம்.

இந்த விவாதத்துக்கு நடுவில்தான் அக்காவைத் திருச்சியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பெண் மருத்துவர், வயது நாற்பதுக்குள் இருக்கும், பொறுமைசாலி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அக்கா 93, 86, 79, 72, 65 என்று போய்க்கொண்டே இருந்தாள். போதும் அம்மா என்று மருத்துவர் சொன்ன பிறகும் நிறுத்தாமல் இரண்டில் போய் நின்று, “இதற்குமேல் போகாது” என்றாள். ஏஜென்ட் புத்தி. பிறகு கடிகாரம் வரையச் சொன்னார், பதினொன்று பத்து. வட்டம் அழகாக வந்தது, எண்கள் சரியாக உட்கார்ந்தன. சின்ன முள்ளைப் பதினொன்றில் வைத்தாள், பெரிய முள்ளைப் பத்தில் வைத்தாள். வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இது தப்பு. எது தப்பு என்றுதான் தெரியவில்லை” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்தது ஐந்து சொற்கள். மருத்துவர் சொன்னதும் அக்கா திருப்பிச் சொன்னாள். “பட்டு” என்பதைத் “தட்டு” என்றாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, உதடு தெரியும்படி அதையே மறுபடி சொன்னார். இப்போது “பட்டு”. அந்தச் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் காது பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு காதிலும் மேல் சுருதிகள் நன்றாகக் குறைந்திருந்தன. எத்தனையோ காலமாக அக்காவிடம் சொன்னதெல்லாம் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. மீதியை அவள் மறந்துவிட்டாள் என்று நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். இரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு. தைராய்டு சரியாக இருந்தது. மனச்சோர்வைப் பற்றி மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கு அக்கா சொன்ன பதில்களை இங்கே எழுத மாட்டேன். அதற்கும் மருந்து தொடங்கினார்கள். காது கருவி வந்த பிறகு மீண்டும் செய்த சோதனையிலும் குறைபாடு இருக்கத்தான் செய்தது. லேசான அறிவாற்றல் குறைபாடு என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் முதலில் நாங்கள் பயந்த அளவு இல்லை.

காது கருவி எல்லோரின் மறதியையும் தடுக்கும் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை 977 பேரிடம் மூன்று ஆண்டு செய்த அச்சீவ் ஆய்வு 2023இல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் காது கருவியால் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே அபாயம் அதிகமாக இருந்தவர்களிடம் சரிவு 48 சதவீதம் மெதுவானது. லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்றும் அவற்றைக் கவனித்தால் உலகில் 45 சதவீத மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றும் சொல்கிறார்கள். பெரும் பங்கு வகிப்பவற்றில் காது கேளாமையும் கெட்ட கொழுப்பும் இருக்கின்றன. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கும் என்று ஒரு நாடு தழுவிய ஆய்வு மதிப்பிடுகிறது. அவர்களில் எத்தனை பேருக்குக் காதைச் சோதித்திருப்பார்கள்?

கிளம்பும்போது மருத்துவரிடம் பஞ்சைப் பற்றிக் கேட்டேன். “ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் யோசிக்கலாம் சார். காசு கொடுத்து வாங்குகிற இடத்துக்கு இது இன்னும் வரவில்லை” என்றார். இதில் ஒரு சட்ட நுணுக்கமும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. நம் நாட்டில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்ய சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி ஆராய்ச்சிக்கான செலவைப் பங்கேற்பவரின் தலையில் கட்டக் கூடாது. அதாவது, இது ஆராய்ச்சி என்றால் நம்மிடம் பணம் கேட்கக் கூடாது. சிகிச்சை என்றால் நிரூபணம் காட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு தொகுப்பு விற்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

அக்கா மகன் அடுத்து, வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் கருவி ஆன்லைனில் கிடைக்கிறதே என்று ஆரம்பித்தான். அதற்கு என் பதில் கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது. இந்தத் துறையின் ஆராய்ச்சியாளர்களே 2016இல், வீட்டில் தாமாகச் செய்து பார்ப்பவர்களுக்குத் திறந்த மடல் ஒன்று எழுதியிருக்கிறார்கள்: ஒரு திறனைக் கூட்டப் போய் இன்னொன்று குறையலாம், நாள்தோறும் செய்வதன் விளைவு நீண்ட நாள் நிற்கலாம், ஆளுக்கு ஆள் மாறும் என்று. விற்பதற்கு ஆசைப்படாதவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

அக்காவுக்குக் காது கருவி பிடிக்கவில்லை. பாத்திரம் விழுகிற சத்தம் தலையைப் பிளக்கிறது என்கிறாள், கோயிலுக்குப் போகும்போது கழற்றிவைத்துவிடுகிறாள். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருக்கு ஆர்.டி. கணக்கு எப்போது முதிர்கிறது என்று போட்டுக்கொடுத்திருக்கிறாள். இப்போது நோட்டில் எழுதி, இரண்டாவது முறை சரிபார்த்து. அதையே மனப் பயிற்சி என்று மருத்துவர் ஒப்புக்கொண்டார். தினமும் கொஞ்சம் நடக்கவும் சொல்லியிருக்கிறார்.

நிற்க. அந்த மையத்துக்கு நான் மின்னஞ்சல் ஒன்று அனுப்பியிருந்தேன். மின்முனைகளின் பரப்பு எத்தனை சதுர சென்டிமீட்டர்? தலையில் எந்த இடம், அதை எப்படி அளந்து முடிவு செய்கிறீர்கள்? பாய்ச்சும்போது நோயாளி என்ன வேலை செய்துகொண்டிருப்பார்? முன்னும் பின்னும் எந்தச் சோதனையால் அளக்கிறீர்கள், அதை அளப்பவர் உங்கள் ஊழியரா? சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன? இருபது அமர்வுக்குப் பிறகு பலன் இல்லையென்றால் என்ன சொல்வீர்கள்? மறுநாளே பதில் வந்தது. மூத்த குடிமக்களுக்கு 15 சதவீதத் தள்ளுபடி, இந்த மாத இறுதிவரை மட்டும். அதை அப்படியே பெங்களூருக்கு அனுப்பிவைத்தேன்.